தைப்பிங் மழையில் ஒரு மருகுப் பாத்தி

1

போன வாரம் எங்கள் சரசு பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக, "அம்மா, நம்ம மருகை ஆட்டுக்கறியில போடுவாங்களாம்" என்றாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்த நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

நடந்தது இதுதான். சரசு படிக்கிற இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஒரு விழா. ஒவ்வொரு பெண்ணும் தன் வீட்டில் வளரும் செடி ஒன்றைத் தொட்டியில் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் ரோஜாவும் கலர் கலராக இலைச்செடிகளும் தூக்கிப் போக, எங்கள் பெண் வேண்டா வெறுப்பாக ஒரு மருகுத் தொட்டியை எடுத்துப் போனாள். பூவே காட்டாத இந்தச் செடியை யார் பார்ப்பார்கள் என்று அவளுக்கு வருத்தம். பரிசு கொடுக்க ரயில்வே துரையின் மனைவி வந்திருக்கிறார். ரோஜாவை எல்லாம் தாண்டி வந்தவர் மருகின் முன்னால் நின்று, ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்து, அப்படியே கண்ணை மூடிக்கொண்டாராம். அப்புறம், "இது எங்கள் அம்மா அடுப்படி வாசனை" என்றாராம். அவர்கள் ஊரில் இதற்கு மார்ஜோரம் என்று பெயராம். ஆட்டுக்கறியில் தூவிச் சுடுவார்களாம். முதல் பரிசு சரசுவுக்கு. கூடவே, வீட்டுக்கு ஒரு கைப்பிடி கொடுத்தனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

இதைக் கேட்ட என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. "அங்க சாமி தலையில வெச்சோம். இவங்க ஆட்டுத் தலையில வெக்கறாங்க. குடுத்துடு புள்ள, ஆடாச்சும் மணமாப் போவட்டும்" என்றார். சிரித்து முடித்த பிறகு, "இந்த ஐப்பசியோட நீ கப்பலவிட்டு எறங்கிப் பன்னண்டு வருசமாச்சு, தெரியுமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். தெரியாமல் இருக்குமா? அந்தப் பன்னிரண்டு வருஷத்தைத்தான், சேலம் ஜில்லாவிலே இந்தப் பத்திரிகையில் படிக்கப்போகும் அக்கா தங்கைகளுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். உங்களுக்கு மருகைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பத்திரிகை வேறு ஜில்லாக்களுக்கும் போகுமாம். ஆகையால் ஒரு வார்த்தை: கதம்பத்தில் பூவுக்கு நடுவே சாம்பல் பூத்த பச்சையில் சின்னச் சின்ன இலையாக வைத்துக் கட்டுவார்களே, அதுதான். மரிக்கொழுந்து வேறு, இது வேறு. அது விதை போட்டு ஒரு போகத்தோடு தீர்ந்துபோகும். மருகு ஒருதரம் ஊன்றினால் வருஷக்கணக்காகக் கிடக்கும். கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும்.

2

எங்கள் ஊர் நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற பாதையை விட்டுச் சற்று விலகிக் கிடக்கிறது. எனக்குக் கல்யாணம் ஆகுமுன் தோட்டத்தை அண்ணன் பார்த்தார். கிணற்று மேட்டை ஒட்டின மூலை மட்டும் என்னுடையது. அதில் பாத்தி பாத்தியாக மருகு. நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற எனக்கு அந்த மூலைதான் உத்தியோகம். வெயில் ஏறுமுன் கிள்ளி, சின்னச் சின்னக் கட்டாகக் கட்டி, ஈரச்சாக்கில் சுற்றி வைப்பேன். சேலத்திலிருந்து பூ வியாபாரி ராவுத்தர் ஒருவர் வாரம் ஒருதரம் ஒற்றை மாட்டு வண்டியில் வந்து வாங்கிப் போவார். ஒரு கட்டை எடுத்து முகர்ந்துவிட்டு, "ஏம்மா, பாலா ஊத்தி வளக்கறே?" என்பார். "தண்ணிக்கே வழியக் காணோமுங்க பாய், பாலுக்கு எங்க போறது?" என்பேன். இது ஒவ்வொரு வாரமும் நடக்கும். இருவருக்கும் அலுத்ததே இல்லை.

தண்ணீருக்கு வழியில்லை என்றது பேச்சுக்குச் சொன்னதல்ல. மாடு பூட்டிக் கவலை ஏற்றம் ஓட்டி, பாதாளத்திலிருந்து இறைத்தால்தான் எங்கள் பக்கம் தண்ணீரைக் கண்ணால் பார்க்கலாம். அதனால் பாத்தி என்றால் எங்களுக்குப் பள்ளம். நிலத்தைத் தாழ வெட்டி, சுற்றிலும் வரப்பைக் கெட்டியாக அணைத்து, விட்ட தண்ணீர் ஒரு சொட்டும் வெளியே போகாமல் நிறுத்துவோம். ஒரு வரப்பு உடைந்து தண்ணீர் வீணாய்ப் போனால் அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் பேசமாட்டோம். வேண்டுமென்றே ஒருவன் வரப்பை உடைத்தான் என்றால் அது வெட்டுக்குத்து, போலீஸ் கச்சேரி வரை போகிற காரியம். நான் அப்படி இரண்டு குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் எனக்கு அத்தை மகன். சிறுவயதிலேயே மலாய் நாட்டுக்கு வந்து ரயில் பாதையில் மேஸ்திரியாக ஆனவர். ஆவணியில் ஊருக்கு வந்தார், என்னைக் கட்டினார், ஐப்பசியில் கப்பல் என்றார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"ஏனுங்க, மருகுக் குச்சி எடுத்துக்கிட்டு வரலாமுங்களா?"

"மண்ணோட செடி கொண்டாந்தா எறங்கற எடத்துலயே புடுங்கித் தூர எறிஞ்சிருவாங்க. சட்டம்" என்றார்.

"மண்ணில்லாம கொண்டாந்தா?"

அதற்கு அவர் சிரித்துவிட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது. கிளம்பும் நாளில் அண்ணன் சொன்னது ஒன்றே. "பாத்தி உன்னுது சாமி. எப்ப வந்தாலும் உன்னுதுதான்." இதைச் சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

3

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுமுன்னே குச்சிகளை வேர்க்காலோடு மண் போகக் கழுவி, ஈரத் தேங்காய் நாரில் சுற்றி, என் கொண்டைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டேன். எனக்கு அப்போது முடி அதிகம். வெளியே நாலு மருகு இலை எட்டிப் பார்க்கும். பார்க்கிறவர்களுக்குத் தலையில் பச்சை வைத்த புதுப்பெண். உள்ளே தோட்டம்.

கப்பலில் மேல்தட்டில் படுக்கை. ஐப்பசி மாசத்துக் கடல் என்பதால் ஆள் ஆளுக்கு வாந்தி. நான் மட்டும் காலையும் மாலையும் தலையில் ஒரு கை தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் படுத்திருந்த தஞ்சாவூர்க்கார அம்மாள் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "பொண்ணுக்குச் சூடு தலைக்கு ஏறியிருக்கு போல, எண்ணெய் வைக்கச் சொல்லுங்க" என்று சொல்லியிருக்கிறார். இவர் தலையை ஆட்டிவிட்டு வந்தார். கப்பலில் குடிக்கிற தண்ணீரை அளந்துதான் ஊற்றினார்கள். அவர் பங்கில் பாதி என் கொண்டைக்குப் போயிற்று. மனிதர் முணுமுணுக்கவில்லை.

பினாங்கு வந்ததும் ஊருக்குள் விடவில்லை. எதிரே ஒரு தீவில் இறக்கி, எல்லோரையும் வைத்தியம் பார்த்துத்தான் அனுப்புவார்கள். துணிமணிகளை ஆவியில் போட்டு எடுத்தார்கள். பெண்களைத் தனியே நிறுத்தி, மருந்துத் தண்ணீரில் குளிக்கச் சொன்னார்கள். என் முறை வந்தபோது ஆயா, "கொண்டையை அவுத்துடும்மா" என்றாள். நான் கொண்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் விடவில்லை. விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். நாரும் வேரும் கையில் தட்டுப்பட்டன.

"என்னம்மா இது, தலைக்குள்ள தோட்டமா?"

"மருகுங்க. எங்கூர்ச் செடி. நெனச்சாப்பல வாங்கறதுக்கு இங்க கெடைக்காதுன்னாங்க."

அவள் எந்த ஊரோ, எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறாளோ தெரியாது. ஓர் இலையைக் கிள்ளி மூக்கில் வைத்துக்கொண்டாள். பிறகு, தடுப்புக்கு வெளியே பதிவு எழுதுகிறவருக்குக் கேட்க, "தலை சுத்தம்" என்று உரக்கச் சொன்னாள். கழுத்துக்குக் கீழே மட்டும் மருந்துத் தண்ணீரை ஊற்றினாள்.

4

தைப்பிங் என்பது மலையடிவாரத்து ஊர். மலாய் நாட்டிலேயே இங்கேதான் மழை அதிகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இன்றைக்கும் எங்கள் தெருமுனைச் சீனன் கடையில் நாலு பேர் கூடினால், மழை எத்தனை மணிக்குப் பிடிக்கும் என்று பந்தயம் கட்டுவார்கள். பெய்யுமா பெய்யாதா என்று யாரும் கட்டுவதில்லை. அதில் தோற்க ஆள் கிடைக்காது.

எங்கள் ஊரில் மழை வந்தால் நனைவதற்கு வெளியே ஓடுவோம். இங்கே முதல் நாள் அப்படித்தான் ஓடி நின்றேன். இரண்டாம் நாளும் நின்றேன். நாலாம் நாள் உள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். துணி காயவில்லை. விறகு புகைந்தது. உப்பு ஜாடியில் கரைந்து நின்றது. ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் எங்கள் வீடு கடைசி. அதன் பின்னால் கொஞ்சம் வெறும் இடம். அதற்கு அப்பால் ஒரு சீனத்து அம்மாளின் காய்கறித் தோட்டம். என் வீட்டுக்காரர் விடியுமுன் வேலைக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவார். பேச ஆள் இல்லை. செய்ய வேலை இல்லை. ஊரில் ஒரு மூலைக்குச் சொந்தக்காரியாக இருந்தவள், இங்கே ஒருவருக்குச் சோறு பொங்கிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, இது எப்ப நிக்கும்?"

"நிக்கறதாவது? அப்பப்ப மூச்சு வாங்கும். மறுக்காவும் புடிச்சுக்கும்."

"நா ஊட்டுக்குப் போறனுங்க."

"வந்து ஒரு மாசங்கூட ஆவல புள்ள."

நான் பாயை விரித்துப் படுத்துவிட்டேன். சாப்பிடவும் இல்லை. இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள், வாசலில் ஒரு தகரத்தில் ஊன்றி வைத்திருந்த மருகுக் குச்சிகளைக் காட்டி, தானே ஒரு பந்தயத்துக்கு வந்தார்.

"இத நீ ஆசைப்பட்ட மாதிரி மண்ணுல நடு. பொங்கலுக்குள்ள துளுத்துச்சுன்னா நீ இங்க இருக்கோணும். துளுக்காமப் போச்சுன்னா நானே கப்பலேத்தி உடறேன். என்ன சொல்றே?"

"செரிங்க" என்றேன், அந்த நிமிஷமே. என்னைப்போலவே அந்தக் குச்சிகளுக்கும் இந்த ஊர் பிடிக்கவில்லை என்று எனக்குத் தோன்றியிருந்தது. ஊருக்குப் போவது உறுதி என்று அன்று ராத்திரி வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

5

ஆனால் நடும்போது பொய்யாக நடக் கை வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் இடம் பார்த்து, தாழ வெட்டி, வரப்பை அணைத்து, மண்ணைப் பொடியாக்கி, நாமக்கல் பாத்தி ஒன்றை அச்சாகக் கட்டினேன். இவர் வந்து பார்த்து, வரப்பை இன்னும் அரைச்சாண் உயர்த்தினார். ஜெயிக்க வேண்டியவர் அல்லவா? இருவரும் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துத் திருப்திப்பட்டோம். அப்பாலிருந்த சீனத்து அம்மாள் தன் கீரையை எல்லாம் மேட்டு மேலே வைத்து, நடுவே ஆழமாகச் சால் பறித்து விட்டிருந்தாள்.

"பாவம், பாத்தி கட்டத் தெரியல" என்றேன் நான்.

"தண்ணியெல்லாம் ஓடிப் போவுது பாரு. நாம வேணா ஒருநா சொல்லிக் குடுக்கலாம்" என்றார் இவர்.

மார்கழி பிறந்தபோது மருகு மஞ்சளித்தது. இலை மஞ்சளித்தால் என்ன காரணம்? எங்கள் ஊர்க் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்: தண்ணீர் போதவில்லை. இவர் அரண்டுபோனார். வேலைக்குப் போகுமுன் ஒரு வாளி, வந்தபின் ஒரு வாளி. ஒருநாள் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே இவர் பூவாளியால் ஊற்ற, நனைந்து காய்ச்சல் வந்துவிடக் கூடாதே என்று நான் பின்னால் நின்று அவருக்குக் குடை பிடித்தேன். அந்தக் கோலத்தை அந்தச் சீனத்து அம்மாள் பார்த்துவிட்டாள். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் தன் புருஷனையும் அழைத்து வந்து காட்டினாள். அவர்கள் இருவரும் அன்றைக்குச் சிரித்ததை இன்றைக்கும் எனக்கு நடித்துக் காட்டுவாள். இப்போது அவள் எனக்கு நல்ல சிநேகிதி.

ஒருநாள் காலையில் ஒரு குச்சியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் கறுத்து, கையில் வழவழவென்று ஒட்டியது. முகர்ந்தேன். குட்டை நாற்றம். எனக்குச் சட்டென்று ஒன்றும் விளங்கவில்லை. தண்ணீர் இல்லாமல் செத்த செடிகளை ஆயிரம் பார்த்திருக்கிறேன். தண்ணீரால் சாகிற செடியை அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்படி ஒரு சாவு இருக்கிறதென்றே எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாருக்கும் வழியில்லை.

விளங்கியதும் அங்கேயே குந்திவிட்டேன். இன்னும் நாலைந்து நாள் நான் சும்மா இருந்தால் போதும். மற்றதும் அழுகிவிடும். பொங்கல் கழித்துக் கப்பல். அண்ணன், தோட்டம், வெயில், என் மூலை. எனக்கு ஊருக்குப் போக ஆசை. பிடுங்கின குச்சியை ஓரமாகப் போட்டுவிட்டு உள்ளே போய் உலை வைத்தேன். அரிசியைக் களைந்தேன். களைந்துகொண்டே இருந்தேன். அங்கே வேர் அழுகுகிறது என்று தெரிந்துகொண்டு இங்கே என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு மண்வெட்டியை எடுத்தேன்.

6

இவர் அன்றைக்கென்று பார்த்துப் பொழுதோடு வேலை முடிந்து வந்துவிட்டார். நான் மழையில் நின்று, வரப்பை நாலு பக்கமும் வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தேன். பாத்தித் தண்ணீர் குபுகுபுவென்று வெளியே ஓடிக்கொண்டிருந்தது.

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். மேஸ்திரி வேலையில் பாறை உருண்டு விழுந்ததற்கெல்லாம் அசையாத மனிதர்.

"ஏம்புள்ள, வரப்பையா ஒடச்சு உடறே?"

"தண்ணி போவட்டுமுங்க. இருந்தா செடி போயிரும்."

"தண்ணி இருந்தாச் செடி போயிருமா? எங்கிட்டயே சொல்றயா?" குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "போவோணும்னா போவோணும்னு சொல்லு. இப்பிடி உசுரோட இருக்கறதக் கொன்னுபோட்டுப் போவோணுமா?"

வேரைக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. வரப்பை உடைத்து ஓடவிட்ட கையைத்தான் பார்த்தார். அவர்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் பிறந்த யார் பார்த்தாலும் அதைத்தான் நினைத்திருப்பார்கள். பந்தயத்தில் ஜெயிப்பதற்காகச் செடியைத் தண்ணீர் இல்லாமல் சாகடிக்கிறாள் என்று. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. நான் ஜெயிப்பதை விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன், இந்த மனிதர் என்னைக் கொலைகாரி என்கிறார். "செரி, அப்பிடியே வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, மீதி வரப்பையும் வெட்டினேன். அன்றைக்கு வைத்த சோறு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் அவர் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து என்முன் வைத்தார். கப்பல் டிக்கெட். பொங்கல் கழித்து, பினாங்கிலிருந்து.

"நீ செயிச்சுட்ட. செடி பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்றார்.

நான் டிக்கெட்டை அரிசிப் பானை மேல் வைத்தேன். மருகில் அழுகாமல் மிச்சமிருந்ததைப் பிரித்தெடுத்து, மண்ணை மேடாகக் கூட்டி, அதன் உச்சியில் நட்டேன். சீனத்து அம்மாளைப் பார்த்துத்தான் செய்தேன் என்று சொல்ல வெட்கம் என்ன? அவள் வேலி ஓரம் வந்து நின்று, பெரிதாகத் தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. வானம் ஊற்றியதே அதிகம்.

பொங்கலுக்கு முன்னே ஒருநாள் அதிகாலையில் பின்பக்கம் என்னவோ தட்டுகிற சத்தம் கேட்டு எழுந்து போனேன். இவர் நாலு கழி நட்டு, மருகு மேட்டுக்கு மேலே அத்தாப்பு என்று இங்கே கூரைக்குப் போடுகிற ஓலையால் ஒரு சின்னக் கூரை வேய்ந்துகொண்டிருந்தார். கீழே குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு குச்சியிலும் கணுவுக்குக் கணு சாம்பல் பச்சையில் துளிர். எனக்கு முன்னாலேயே அவர் பார்த்திருக்கிறார். மழைக்காக ஏங்கிச் சாமிக்குப் பொங்கல் வைக்கிற ஊர்க்காரர், மழையைத் தடுக்கக் கூரை போட்டார். எங்கள் பக்கத்தில் யாரும் செய்திராத காரியம்.

கடைசி ஓலையைக் கட்டிவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார். "வேரப் பாத்தேன். நீ எறிஞ்சயே, அதையும் எடுத்து மோந்து பாத்தேன். எனக்குப் புத்தி வரல புள்ள."

"எனக்கும் வரலையே, அது அழுகற வரைக்கும்."

"டிக்கெட்டு டிக்கெட்டுதான். நீ போயிட்டு வா. சாட்டுக்குச் சொல்லல. நெசமாத்தான் சொல்றேன். உங்கண்ணனப் பாத்துட்டு வா. இத நான் பாத்துக்கறேன்."

நான் அந்தத் துளிரைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். பக்கத்தில் நிறைந்திருந்த பூவாளியையும் பார்த்தேன்.

"நீங்க பாத்துக்குவீங்க. நா அந்தப் பக்கம் கப்பலேறினதும் ஊத்து ஊத்துன்னு ஊத்திக் கொன்னுபோட்டுட்டுத்தான் மறுவேலை."

7

அந்த டிக்கெட்டுக்கு வருமுன், இன்றைய கதை கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இப்போது எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூன்று மேடு மருகு, மூன்றுக்கும் கூரை. தைப்பிங்கில் தமிழர் கல்யாணம் எதுவானாலும் மாலைக்கு மருகு இங்கிருந்துதான் போகிறது. ஈப்போவிலிருந்து பூக்கடை ராவுத்தர் ஒருவர் ஆள் அனுப்புகிறார். அவர் பாட்டனார் சேலத்திலிருந்து வந்தவராம். அந்த வண்டிக்காரப் பாய்க்கு உறவா என்று கேட்டுப் பார்த்தேன். சேலத்தில் ராவுத்தர்கள் என்ன ஒருவரா இருவரா என்று சொல்லிச் சிரித்தார்.

சரசுவுக்கு இதிலெல்லாம் பிடிப்பில்லை. மருகை மலாயில் 'டாவுன் வாங்கி' என்பாள், மணக்கிற இலை என்று அர்த்தம். நாமக்கல் எங்கே இருக்கிறது என்று ஒருதரம் கேட்டேன். பினாங்குக்கு அந்தப் பக்கம் என்றாள். தப்பென்று சொல்ல முடியவில்லை. "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போ சாமி என்று எங்கள் ஊர்ச் செல்லப் பேச்சில் சொன்னால், "ஏம்மா என்னைப் போய்ச் சாமிங்கற?" என்று கேட்கிறாள். தலையில் மருகு வைத்துவிட்டால், பள்ளிக்கூடத்து வாசலில் எடுத்துப் புத்தகப் பைக்குள் போட்டுவிடுவாள். எனக்கு அது மனத்தாங்கல்தான், மறைக்கவில்லை. துரையின் மனைவி மூக்கில் வைத்துக் கண்ணை மூடிய பிறகு நிலைமை வேறு. இந்த வாரம் முழுக்க, "அம்மா, இன்னும் ரெண்டு கொத்து" என்று தலையைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். துரை வீட்டுக்கும் ஒரு கைப்பிடி போயிற்று. சட்டியில் போட்டார்களா என்று நான் விசாரிக்கவில்லை.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க, கூரை போட்ட அன்றைக்கே இருவருமாகக் கப்பல் ஏஜண்டு ஆபீசுக்குப் போனோம். வாங்குவது சுலபம், திருப்புவது கஷ்டம் என்று அங்கே போனபின் தெரிந்தது. ஒரு ஜன்னலில் கேட்டால் அடுத்த ஜன்னல் என்றார்கள். அடுத்த ஜன்னலில் கேட்டால் வாங்கினவர் வரவேண்டும் என்றார்கள். வாங்கினவர் இதோ நிற்கிறார் என்றால், பயணம் செய்பவர் வரவேண்டும் என்றார்கள். கடைசியில் ஒரு யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா முன் நின்றோம். மூக்குக்கண்ணாடியைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார்.

"பயணத்தை நிறுத்துறதெண்டால் காரணம் எழுத வேணும். சுகமில்லையோ?"

"நல்லாத்தானுங்க இருக்கறேன்."

"வீட்டிலை ஆரும் காலமாகிப் போச்சினமோ?"

"அப்பிடியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

"அப்ப என்ன காரணம் பிள்ளை?"

என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். "செடி நட்டிருக்கறனுங்க. இப்பத்தான் துளுத்திருக்குது."

குமாஸ்தா இவரைப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்தார். குமாஸ்தா பெருமூச்சு விட்டு, 'விவசாயம்' என்று எழுதினார். அதோடு விடவில்லை. இன்னும் ஒரு இடம் நிரப்ப வேண்டியிருந்தது.

"அப்ப எப்ப பயணம் வைக்கப் போறியள்? அதையும் எழுத வேணும்."

வெளியே ஆபீஸ் தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் ஞாபகம் வந்தது, கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்றவர் சட்டைக் கையில் கூரை வேய்ந்த ஓலைத் துரும்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் போட்டேன்.

"மழை நின்னதும் போறனுங்க" என்றேன்.

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எந்த மழை பிள்ளை? இந்தத் தைப்பிங் மழையோ?"

"ஆமாங்க" என்றேன். "அதேதானுங்க."

என் வீட்டுக்காரர் குடையை என் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். ஊரில் மழை வந்தால் நிற்பதுபோல, நன்றாக நனைந்துகொண்டுதான் நின்றார்.